நடுவீட்டுக்காரர்

'எவ்வளவு போடட்டும்?' என்று கேட்டார் வி.ஏ.ஓ.

நான் பத்தாம் வகுப்பு முடித்திருந்த நேரம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருமானச் சான்றிதழ் வேண்டும். அப்பாவும் நானும் அவர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். கேள்வி ரொம்பச் சுலபம். உங்கள் வருட வருமானம் எவ்வளவு? அப்பா என்னைப் பார்த்தார். மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பதில் மட்டும் வரவில்லை.

அப்பா மழுப்புகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். கூச்சமாகக்கூட இருந்தது. பிறகு பி.காம். படித்து, லாப நஷ்டக் கணக்கெல்லாம் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. மனுஷருக்கு நிஜமாகவே தெரியாது! அவர் வைத்திருந்தது சின்ன மளிகைக் கடை. கல்லாவில் விழுந்தது தெரியும். கடன் நோட்டில் நின்றது தெரியும். ஆனால் ராத்திரி கடை பூட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்த அரைக் கிலோ துவரம் பருப்பு வருமானமா, செலவா? தீபாவளிக்குத் தருகிறேன் என்று சொல்லி மூன்று தீபாவளியாகத் தராத வாடிக்கையாளரின் பாக்கி எதில் சேரும்?

'ஒரு இருபத்துநாலு போட்டுக்கங்க' என்றார் கடைசியில். 24,000 ரூபாய். அது அப்படியே ரப்பர் ஸ்டாம்புடன் அரசாங்க உண்மையாகிவிட்டது.

இத்தனை வருஷம் கழித்து அது நினைவுக்கு வரக் காரணம், என் அக்கா பையன். அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தில் புள்ளியியல் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான்.

'மாமா, ஒரு சின்ன அசைன்மென்ட். ஒரு கிராமப்புறக் கவுன்ட்டியை எடுத்துக்கிட்டு, அங்க ஒரு குடும்பத்தோட வருமானம் வருஷா வருஷம் எப்படி மாறிச்சுன்னு கோடு போட்டுக் காட்டணும். நீங்கதான் காமர்ஸ் ஆளாச்சே.'

'இதுல என்னடா கஷ்டம்? நம்பர் எல்லாம் கவர்ன்மென்டே தருமே. கிராஃப் ஷீட்ல புள்ளி வெச்சு சேர்த்துட வேண்டியதுதானே?'

'அப்படித்தான் மாமா நானும் நினைச்சேன்.'

கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம்மூர் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த அமெரிக்காவிலும் மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. அவன் எடுத்துக்கொண்டது ஓஸ்லி கவுன்ட்டி. கிழக்குக் கென்டக்கியின் மலைப்பாங்கான பகுதி. அமெரிக்கா என்றதும் நமக்கு ஞாபகம் வரும் எதுவும் அங்கே கிடையாது. கிட்டத்தட்ட எல்லோருமே வெள்ளையர்கள். பல தலைமுறையாகப் புகையிலை பயிரிட்டவர்கள். 2000-ம் வருட சென்சஸ் எண்ணியபோது மொத்த ஜனத்தொகை 4,858. நடுக் குடும்பத்தின் வருட வருமானம் 15,805 டாலர். அப்போது அமெரிக்கா முழுவதற்கும் அதே கணக்கு 41,994 டாலர். தேசத்தின் நடுவில் இருப்பவருக்கு நூறு ரூபாய் என்றால் ஓஸ்லியில் நடுவில் இருப்பவருக்கு நாற்பது ரூபாய்கூட இல்லை.

அது என்ன 'நடுக் குடும்பம்'?

காலேஜில் சராசரி, இடைநிலை, முகடு என்று மூன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சை முடிந்ததும் பாதிப் பேர் மறந்துவிட்டோம். ஒரு காம்பவுண்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குடித்தனங்கள். மாத வருமானம் முறையே 8,000, 10,000, 12,000, 20,000, 90,000. கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 28,000. இந்தப் பணத்தை அந்தக் காம்பவுண்டில் யாருமே சம்பாதிக்கவில்லை. நாலு பேர் அதற்குக் கீழே, ஒருவர் எங்கேயோ மேலே. அதனால் விவரமானவர்கள் சராசரியை விட்டுவிட்டு, எல்லோரையும் வருமான வரிசைப்படி நிறுத்தி நட்டநடுவில் நிற்பவரைக் கேட்பார்கள். அவர் சொல்வது 12,000. அதுதான் இடைநிலை. கடைசி வீட்டுக்காரர் நாளைக்கு ஒன்பது லட்சம் சம்பாதித்தாலும் நடுவீட்டுக்காரரின் 12,000 அசையாது. பணக்காரர் மிரட்ட முடியாத எண். ஜனநாயகமான எண் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால், அதே காம்பவுண்டில் 8,000 ரூபாய்க்காரருக்கு வேலை போய் 2,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். நடு எண்? அப்போதும் அதே 12,000. பணக்காரரின் ஆட்டத்தைக் கண்டுகொள்ளாத எண், ஏழையின் வீழ்ச்சியையும் கண்டுகொள்வதில்லை.

இன்னொன்று. அந்த ஏழை வாடகை கொடுக்க முடியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டார். இப்போது நாலே குடித்தனம். நடுவில் 12,000-மும் 20,000-மும் நிற்கின்றன. இரண்டுக்கும் மத்தி 16,000. ஆக, காம்பவுண்டின் நடு வருமானம் 12,000-லிருந்து 16,000-க்கு ஏறிவிட்டது! ஒருத்தருக்கும் சம்பளம் ஒரு பைசா கூடவில்லை. ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வெளியேறியது. அவ்வளவுதான் நடந்தது.

இந்தக் காம்பவுண்டைக் கொஞ்சம் மனசில் வைத்திருங்கள். திரும்பி வருவோம்.

முதலில் அக்கா பையனின் கஷ்டம். வருமானம் எவ்வளவு என்று அமெரிக்க சென்சஸ்காரர்கள் முதன்முதலில் வீட்டு வாசலில் நின்று கேட்டது 1940-ல். (நம் சென்சஸில் இந்தக் கேள்வியே கிடையாது.) பெரிய ரகளை. சார்லஸ் டோபி என்கிற செனட்டர், 'ஒருவரின் வருமானத்தைக் கேட்க அரசாங்கம் யார்?' என்கிற ரீதியில் பிரசாரமே செய்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஆளே கணக்கெடுக்க வந்தால் எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் நியாயம்தானே? நேரில் சொல்ல விரும்பாதவர்கள் தனித் தாளில் எழுதி, கவரில் ஒட்டிக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். 5,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் சரியான தொகையைச் சொல்லவே வேண்டாம், 'அதற்கு மேல்' என்றால் போதும் என்றும் சலுகை.

வேடிக்கை என்னவென்றால், கேட்டது கூலியும் சம்பளமும் மட்டும். அதைத் தவிர வேறு வழியில் 50 டாலருக்கு மேல் வந்ததா என்பதற்கு ஆமாம் அல்லது இல்லை. ஓஸ்லியில் ஒரு விவசாயி வருஷம் முழுக்கப் பாடுபட்டுப் புகையிலை விற்ற பணம் சம்பளம் ஆகாது, கூலியும் ஆகாது. தாளில் அவர் வருமானம் பூஜ்யம். கூடவே ஓர் 'ஆமாம்'. வீட்டுக்குப் பின்னால் போட்ட மக்காச்சோளம், காட்டில் வேட்டையாடியது, வெட்டி வந்த விறகு எதுவும் கணக்கில் வராது. என் அப்பாவின் அரைக் கிலோ துவரம் பருப்பு மாதிரி.

பிறகு கேள்விகள் விரிந்தன. 2000 வரைக்கும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை, சில வீடுகளுக்கு மட்டும் நீளமான படிவம் கொடுத்து விவரமாகக் கேட்டார்கள். 2000-ல் சுமாராக ஆறு வீட்டுக்கு ஒரு வீடு. அதற்குப் பிறகு அந்தப் படிவத்தையே நிறுத்திவிட்டு, 2005 முதல் நாடு முழுக்க வருஷா வருஷம் ஒரு சர்வே. இப்போது வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகள். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் நாலாயிரம் பேர் இருக்கும் இடத்தில் அதில் எத்தனை வீடு விழும்? கொஞ்சம்தான். அதனால் 65,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு ஒரு வருஷக் கணக்கைத் தனியாக வெளியிட மாட்டார்கள். ஐந்து வருஷத்துப் பதில்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தருவார்கள். 2005 முதல் 2009 வரை என்றால், 2008 நெருக்கடிக்கு முந்தைய நல்ல காலமும் பிந்தைய கெட்ட காலமும் ஒரே பாத்திரத்தில் கொதித்த சாம்பார். எந்தக் காய் எந்த வருஷத்துது என்று கரண்டியை விட்டுத் துழாவிக் கண்டுபிடிக்க முடியாது.

வருஷத்துக்கு ஓர் எண் வேண்டும் என்றால் சென்சஸ்காரர்களிடமே வேறு ஒன்று இருக்கிறது. சிறு பகுதிகளுக்கான வருமான, வறுமை மதிப்பீடு. 1990-களில் தொடங்கியது. வருமான வரிக் கணக்குகள், அரசு உதவி பெறுவோர் விவரங்கள், பழைய சென்சஸ் எனக் கையிலிருக்கும் பதிவுகளை வைத்து, சர்வே சொல்வதோடு சேர்த்து, இந்தக் கவுன்ட்டியில் இவ்வளவு இருக்கும் என்று மாதிரி போட்டுக் கணிக்கிறார்கள். கூடவே யோக்கியமாக ஒன்றைச் செய்கிறார்கள். ஓர் எண்ணை மட்டும் சொல்லாமல், 'இதிலிருந்து இதற்குள் இருக்கலாம், எங்கள் நம்பிக்கை 90 சதவிகிதம்' என்று கீழெல்லையும் மேலெல்லையும் அச்சடிக்கிறார்கள்.

'மாமா, இதுல ஒரு பெரிய சிக்கல்' என்றான். '2004 வரைக்கும் ஒரு சர்வேயை அடிப்படையா வெச்சாங்க. 2005-லேர்ந்து வேற சர்வே. அந்த இடத்துல கோடு ஏறினா, ஜனங்க ஏறினாங்களா, இல்லை ஸ்கேல் மாறிடுச்சா?'

ஸ்கேல் மாறியது மட்டுமில்லை. புகையிலைக்கு 1930-களிலிருந்து இருந்து வந்த கோட்டா முறையை அமெரிக்க அரசு ஒழிக்கும் சட்டம் வந்தது 2004-ல். 2005-ல் விளைந்தது கோட்டா இல்லாத முதல் பயிர். ஆக, ஓஸ்லி ஜனங்களின் பிழைப்பே புரண்ட அதே வருஷத்தில், அவர்களை அளக்கும் கோலும் மாறிவிட்டது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

விலைவாசி வேறு. 1999-ல் 15,805 டாலருக்கு வாங்கிய சாமான்களை 2023-ல் வாங்க 29,000 டாலர் சுமாருக்கு வேண்டும். வருமானம் கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆனால்தான் நின்ற இடத்திலேயே நிற்கலாம். அரசு தரும் உணவு உதவியும் மருத்துவ உதவியும் இந்த வருமானக் கணக்கில் சேராது. அவை அந்த ஊரில் பலருடைய அடுப்பையும் உயிரையும் காப்பாற்றுகிற சமாசாரங்கள்.

'இவ்வளவு ஓட்டை இருக்கிற எண்ணை எதுக்குடா போடணும்? தெரியலைன்னு எழுதிட்டு வந்துரு' என்றேன் எரிச்சலோடு.

'அப்படி எழுதினா அந்த ஊருக்கு வர வேண்டிய பணம் வராது மாமா.'

அதுதான் விஷயம். இந்த எண்கள் அலங்காரத்துக்கு இல்லை. ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு அமெரிக்க மத்திய அரசு பணம் பிரிப்பது, இதே மதிப்பீட்டுத் திட்டம் சொல்லும் ஏழைக் குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான். மலைப்பகுதி வளர்ச்சிக்கென 1965-ல் அமைத்த அப்பலாச்சியன் பிராந்தியக் கமிஷன், கவுன்ட்டிகளை வேலையின்மை, வருமானம், வறுமை மூன்றையும் பார்த்துத் தரம் பிரிக்கிறது. மிக நலிந்தது என்றால் ஒரு திட்டச் செலவில் 80 சதவிகிதம்வரை கமிஷன் தரலாம். நடுத்தரம் என்றால் 50 சதவிகிதம்தான். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு குடிநீர்க் குழாய் வருவதும் வராததும் இருக்கிறது.

ஆகவே 'துல்லியமாகத் தெரியாது, அதனால் சொல்ல மாட்டேன்' என்பது அடக்கம் மாதிரி தெரிந்தாலும் அடக்கம் இல்லை. கைகழுவல். எண்ணப்படாத ஏழை, இல்லாத ஏழையாகிவிடுவார். அப்பாவின் வருமானம் தெரியாது என்று வி.ஏ.ஓ. பேனாவை மூடியிருந்தால் என் படிப்பு என்ன ஆகியிருக்கும்?

சரி, கணிக்கத்தான் வேண்டும். கணித்தபிறகு அந்த எண்ணை என்ன செய்வது? இங்கேதான் காம்பவுண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

1940-ல் ஓஸ்லியில் கிட்டத்தட்ட 9,000 பேர் இருந்தார்கள். 2020 சென்சஸில் 4,051 பேர். எண்பது வருஷத்தில் பாதிக்குமேல் காணோம். எங்கே போனார்கள்? அந்த மலைப் பகுதியிலிருந்து சின்சினாட்டி, டேட்டன், டெட்ராய்ட் என்று ஆலைகள் இருந்த ஊர்களுக்கு லட்சக்கணக்கானவர்கள் பிழைப்புத் தேடிப் போனது அமெரிக்க சரித்திரத்தில் பெரிய அத்தியாயம்.

போனவர்களில் இரண்டு பேரைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர், ஊரிலேயே ரொம்ப ஏழை. தாக்குப்பிடிக்க முடியாமல் போனார். அவர் போனதும் ஊரின் நடு வருமானம் ஒரு துளி ஏறும். பின்தங்கி நின்றவர்களில் யாருக்கும் ஒரு டாலர் கூடவில்லை. இன்னொருத்தி, நன்றாகப் படித்து நர்ஸ் வேலை கிடைத்துப் போனாள். ஊரில் இருந்தபோது அவள் நடுவுக்கு மேலே இருந்தவள். அவள் போனதும் எண் ஒரு துளி இறங்கும். அவள் வாழ்க்கை உயர்ந்தது, அவள் ஊரின் எண் தாழ்ந்தது.

எண் ஏறினால் யாரோ முன்னேறினார்கள் என்று அர்த்தமில்லை. இறங்கினால் யாரோ கெட்டுப்போனார்கள் என்றும் இல்லை. 1999-ல் வரிசையில் நடுவில் நின்ற குடும்பமும் இன்று நடுவில் நிற்கும் குடும்பமும் ஒன்றல்ல. 'நடுவீட்டுக்காரர்' என்று ஓர் ஆள் கிடையாது. அது ஓர் இடம். காலியானால் வேறு யாரோ வந்து நிற்கும் இடம். கோடு சொல்வது அந்த இடத்தின் கதையை. நமக்கு வேண்டியது அதில் நின்றவர்களின் கதை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? 'நாட்டிலேயே ஏழைக் கவுன்ட்டி' என்று தலைப்புப் போடுகிறோம். கேமராவோடு போய் சாய்ந்த வீட்டையும் பல் விழுந்த கிழவரையும் படம் எடுக்கிறோம். கடைசி இடத்துக்கும் கடைசியிலிருந்து பத்தாவது இடத்துக்கும் உள்ள வித்தியாசம், அச்சடித்திருக்கும் அந்த மேலெல்லை கீழெல்லைக்குள்ளேயே மூழ்கிப் போகக்கூடியது என்பதைப் படிப்பதில்லை. என் தொழிலும் பத்திரிகைதான், அதனால் கையைத் தூக்கிக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மாவட்ட வாரியாகப் பட்டியல் கிடைத்தால் முதலில் நான் தேடுவதும் கடைசி இடம்தான். அப்புறம் ஒரு படி மேலே போய், 'சோம்பேறிகள், அதான் இப்படி' என்று தீர்ப்பும் எழுதிவிடுவோம். புகையிலைக் கோட்டா போனது, ஆலை தேடிப் பிள்ளைகள் போனது, மக்காச்சோளம் கணக்கில் வராதது எதுவும் தலைப்பில் இருக்காது.

உதவி யாருக்கு, ஊருக்கா ஆளுக்கா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. 'ஊர் தேறாது, எல்லோருக்கும் பஸ் டிக்கெட் வாங்கிக் கொடுத்து நல்ல ஊருக்கு அனுப்பிவிடலாமே' என்பார்கள் கணக்குத் தெரிந்தவர்கள். கணக்குப்படி சரி. ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போக முடியாத ஒரு பாட்டி எப்போதும் மிச்சம் இருப்பாள். அவளுக்குப் பக்கத்து வீட்டில் விளக்கு எரிவது, கூப்பிட்டால் ஆள் வருவது எல்லாம் எந்த வருமானக் கணக்கிலும் இல்லாத சொத்து. எல்லோரும் போனபின் எண் ஏறியிருக்கலாம், பாட்டி முன்னைவிட ஏழை.

என் கட்சி இதுதான். பணம் ஒதுக்க அந்த எண் வேண்டும். தவறினாலும் கொடுக்கும் பக்கமாகத் தவறும்படி அதைப் பயன்படுத்தலாம். மனிதர்களை எடைபோட அதைக் கையில் எடுக்கக் கூடாது. எடுத்தே தீர வேண்டும் என்றால், பக்கத்தில் இன்னொரு கேள்வியையும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வரிசையில் நின்றுகொண்டிருந்து, இப்போது நிற்காதவர் யார்?

இரண்டு வாரம் கழித்து அக்கா பையன் தன் வரைபடத்தை அனுப்பினான். ஒரே கோடு இல்லை, இரண்டு துண்டு. 2005 வரும் இடத்தில் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருந்தான். கோட்டைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு பட்டை, 'இதற்குள் இருக்கலாம்' என்பதற்காக. அடியில் சின்ன எழுத்தில் ஒவ்வொரு சென்சஸுக்கும் ஜனத்தொகை. பார்க்க அழகாக இல்லை. பையன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அதை அப்பாவிடம் காட்டினேன். எழுபத்தைந்து வயசு. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'என்னடா கோடு நடுவுல அறுந்திருக்கு?' என்றார். கதையைச் சொன்னேன். அப்படியே பேச்சு வி.ஏ.ஓ. பக்கம் திரும்பியது.

'அப்பா, அன்னிக்கு இருபத்துநாலாயிரம்னு சொன்னீங்களே, அது பொய்தானே?'

கொஞ்சம் யோசித்தார். 'பொய் சொல்றதுக்கு உண்மை தெரிஞ்சிருக்கணும்லடா?' என்றார். பிறகு, 'ஆனா ஒண்ணு. அந்த மனுஷன் எவ்வளவு போடட்டும்னு என்னைக் கேட்டாரு. கேட்காமலே எங்கயாவது பார்த்து எழுதியிருந்தா, உனக்குப் பணம் வந்திருந்தாலும் எனக்கு மனசு ஆறியிருக்காது.'